கல்யாணம் ஆச்சு, நின்னுட்டாங்க

இந்தியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வேலைக்கு வந்துவிட்டால் நாட்டின் ஜிடிபி 27 விழுக்காடு கூடும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) தலைவராக இருந்தபோது கிறிஸ்டின் லகார்ட் இதைப் பல மேடைகளில் சொன்னார். அதற்கப்புறம் தொழில் கூட்டமைப்புக்காரர்களிலிருந்து மகளிர் தினத்துக்குக் கல்லூரியில் பேச வருகிறவர்கள் வரை ஆளாளுக்கு எடுத்து ஓட்டிவிட்டார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கொஞ்சம் எரிச்சல் வரும். கணக்கு தப்பு என்பதால் இல்லை. இத்தனை நாளும் பெண்கள் எங்கேயோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தது போலவும், நாடு வளர வளர அவர்கள் தானாக எழுந்து வேலைக்கு வந்துவிடுவார்கள் என்பது போலவும் பேசுகிறார்களே, அதனால்தான்.

நான் கடலூரில் குடியிருக்கிறேன், புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்கு பார்க்கிறேன். எந்தப் பெண் எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தாள், எந்த மாதம் நின்றாள் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அந்த மேசையிலிருந்து பார்க்கும்போது வளர்ச்சிக்கும் பெண்கள் வேலைக்குப் போவதற்கும் உள்ள உறவு, மேடையில் சொல்கிற அளவுக்கு நேர்கோடாக இல்லை.

நேர்கோடு இல்லை என்பதைப் பொருளாதாரம் படித்தவர்களும் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். 2023இல் நோபல் பரிசு வாங்கிய ஹார்வர்டு பேராசிரியர் கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் சுமார் 200 ஆண்டுக் கணக்குகளைத் தோண்டி எடுத்து அது ‘யு’ வடிவத்தில் வளைகிறது என்று காட்டினார், நம்முடைய ‘ப’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழை நாட்டில் எல்லாப் பெண்களும் உழைப்பார்கள், வயலில், சந்தையில், வீட்டுத் திண்ணையில் இருக்கிற தறியில். நாடு கொஞ்சம் வளர்ந்து வேலை என்பது வீட்டை விட்டு ஆலைக்குப் போனதும் ஆண் சம்பளத்துக்குப் போவான், பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். இன்னும் வளர்ந்து, பெண்பிள்ளைகள் படித்து, ஆபீஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி என்று வேலைகள் பெருகினால் மறுபடி வெளியே வருவாள். நடுவில் இருக்கிற பள்ளத்துக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று மானப் பிரச்சினை: மனைவி ஆலையில் உடம்பு நோக உழைக்கப் போனால் புருஷன் சோம்பேறி, கையாலாகாதவன் என்று ஊர் பேசும். இதற்கு ஹார்வர்டு வரை போயிருக்க வேண்டியதில்லை. ‘பொண்டாட்டியைக் கூலிக்கு அனுப்பித்தான் சோறு திங்கணும்னு என் தலையெழுத்தா’ என்று கேட்காத ஆம்பிளை எங்கள் பக்கத்தில் குறைவு.

எங்கள் பெரியம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குத்தான் வாழ்நாளில் பாதி போனது. அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அவித்த கொட்டையை ஒரு சின்ன வெட்டு மெஷினில் வைத்து, ஒரு கையால் பிடித்து, காலால் அழுத்தி, ஓட்டைப் பிளந்து பருப்பை முழுசாக எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலில் பட்டால் வெந்துவிடும். சாம்பலையோ விளக்கெண்ணெயையோ கையில் பூசிக்கொண்டுதான் உட்கார்வார்கள், அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்து கிடக்கும், பெரியம்மா எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்ட மாட்டாள், எங்கள் அம்மாவைக் கூப்பிடுவாள். எடைக்குத்தான் கூலி. பருப்பு இரண்டாகப் போனால் மேஸ்திரியிடம் பேச்சும் கேட்க வேண்டும். அவள் மகன், எங்கள் அண்ணன், சிங்கப்பூர் போய், கல்வீடு கட்டி, முதலில் சொன்ன வார்த்தை ‘இனிமே நீ அந்தக் கொட்டையத் தொடக் கூடாது’ என்பதுதான். பெரியம்மாவும் தொடவில்லை. புள்ளிவிவரக் கணக்கில் பார்த்தால் ஒரு பெண் தொழிலாளி குறைந்துவிட்டாள், ‘ப’வின் இடது காலில் இறங்கிவிட்டாள். ஆனால் அந்தக் கையைப் பார்த்தவள் நான். அவள் நின்றதற்காக என்னால் வருத்தப்பட முடியாது. பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள் என்று அங்கலாய்க்கிற கட்டுரைகள் எந்த வேலையை விட்டார்கள் என்பதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

போனது இன்னொன்றும் உண்டு. கூலி வாங்கிய காலத்தில் சனிக்கிழமை அவள் இடுப்பில் சுருக்குப் பை இருக்கும், பேத்திக்கு வளையல் வாங்கவோ மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகவோ யாரையும் கேட்க மாட்டாள். இப்போது கேட்கிறாள். இல்லையென்றும் யாரும் சொல்வதில்லை, ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது.

அவள் சும்மா இருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. இரண்டு மாடு, விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறாள், சாணி அள்ளி, புல் அறுத்து, மகன் வாங்கிப் போட்ட முந்திரித் தோப்பில் சீசனுக்குக் கொட்டை பொறுக்குகிறாள். ஒருமுறை நான் விளையாட்டாகத்தான் கேட்டேன், கணக்கெடுக்க வந்தால் என்ன சொல்வாய் பெரியம்மா என்று. ‘நா எங்கடி வேலைக்குப் போறன், ஊட்லதான் சும்மா கெடக்கறன்’ என்றாள், தலையில் புல்லுக்கட்டு.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. இரண்டு பேருமே உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே. பால் ஊற்றுவது கணக்கில் வரும், ஆண்டில் 30 நாளுக்குக் குறையாமல் செய்திருந்தால் துணைத் தொழிலாக எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் கேட்கிறவர் நிதானமாகக் கேட்க வேண்டும், பதில் சொல்கிறவர் மாடு அவளுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டு ஆம்பிளை.

இப்போது எண்களைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2004-05இல் 42.7 விழுக்காடு. 2011-12இல் 31.2. 2017-18இல் 23.3. நாடு பிய்த்துக்கொண்டு வளர்ந்ததாக எல்லோரும் பெருமைப்பட்ட ஆண்டுகள் இவை, அந்த நேரத்தில்தான் பெண்களின் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கிறது. அதற்கப்புறம் ஏற்றம்: 2023-24இல் 41.7. இதை வைத்து அமைச்சகங்கள் அறிக்கை விட்டன, பார்த்தீர்களா பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று. 20 ஆண்டு சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கு ஒரு விழுக்காடு குறைவாக வந்து நிற்கிறோம் என்றும் அதையே சொல்லலாம்.

எந்த வேலைக்கு வந்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளியும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்று எழுதப்பட்டவர்கள் 2017-18இல் 51.9 விழுக்காடு, 2023-24இல் 67.4. சுயதொழில் என்றதும் யூடியூப் சேனல், பொட்டிக் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தலைப்பில் குடும்ப நிலத்திலும் கடையிலும் சம்பளமில்லாமல் கூடமாட உழைப்பவர்களும் அடக்கம், வேலை செய்யும் பெண்களில் அவர்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வேலை செய்கிற, தேடுகிற பெண்களின் பங்கும் அதே ஆண்டுகளில் கிராமத்தில் 24.6இலிருந்து 47.6 ஆகியிருக்கிறது, நகரத்தில் 20.4இலிருந்து 28.0 வரைதான். கோல்டின் சொன்ன வலது கால், அதாவது படித்து, சம்பள வேலைக்கு வருகிற கால், இந்த ஏற்றத்தில் கொஞ்சம்தான் தெரிகிறது. ஒரு பகுதி சரியாகக் கேட்டு எழுதியதால் வந்த ஏற்றமாக இருக்கலாம், ஒரு பகுதி கொரோனாவுக்குப் பின் வீட்டு வருமானம் போதாமல் வந்தது. எதுவாக இருந்தாலும் இதை வளர்ச்சியின் பரிசு என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

வளர்ச்சியே பெண்ணின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிற சங்கதியும் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்டர் போசரப் 1970இலேயே எழுதியது இது: புது இயந்திரம், புதுக் கடன், புதுப் பயிற்சி எல்லாம் ஆண் கைக்குப் போகும், பெண்ணிடம் பழைய கருவி மட்டும் மிஞ்சும். அவர் பேசியது பெரும்பாலும் ஆப்பிரிக்க விவசாயத்தைப் பற்றி. எனக்கு அதைப் படித்ததும் கடலூர் முதுநகர் துறைமுகம்தான் ஞாபகம் வந்தது. கட்டுமரம் கரைக்கு வந்த காலத்தில் ஆம்பிளை மீனோடு வருவதோடு சரி, ஏலம் போடுவது, விற்பது, காசை வாங்கி முடிவது எல்லாம் வீட்டுப் பெண். விசைப்படகு வந்தது, ஐஸ் வந்தது, மீன் கிராமத்துக் கரைக்கு வராமல் துறைமுகத்தில் இறங்கியது, டன் கணக்கில் எடுக்கிற வியாபாரியும் லாரியும் வந்தார்கள். மொத்தமாகப் பேசப்படுகிற ஏலத்தில் ஒரு அன்னக்கூடை மீனுக்கு வந்தவள் எப்படிப் போட்டி போடுவாள்? நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், முதலுக்கு வட்டிக்காரரிடம் போகிறார்கள். எடுத்த மீனோடு ஊருக்குள் போக பஸ்ஸில் ஏறினால் முகத்தைச் சுளிக்கிறவர்கள் ஒரு பக்கம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற வயதான அம்மா ஒருவரை நாற்றமடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பெரிய செய்தியாகி, முதலமைச்சர் கண்டிக்கிற வரை போனது. செய்தியாகாத குளச்சல்கள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் லாபம்.

சரி, பெண்களை வெளியே கொண்டுவந்த வளர்ச்சியே கிடையாதா? உண்டு. பங்களாதேஷ் இருக்கிறது. சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்கிற ஆயத்த ஆடைத் தொழில், அதில் பெரும்பான்மை பெண்கள். அந்த ஆலைகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்த கிராமங்களில் பெண்பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கல்யாணம் தள்ளிப்போனது என்று ரேச்சல் ஹீத், அகமது முஷ்ஃபிக் மொபாரக் இருவரும் 2015இல் வந்த ஆய்வில் காட்டினார்கள். தையல் ஆலையில் சேரக் கணக்கு தெரிய வேண்டும், எழுத்து தெரிய வேண்டும் என்றால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப அப்பாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அதே தொழில்தான் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த தொழிலும். தென்கொரியா 1960களிலும் 70களிலும் சவுரியும் துணியும் செருப்பும் ஏற்றுமதி செய்து எழுந்தபோது அந்த மெஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். இவ்வளவு பணக்கார நாடான பிறகும் ஆண்-பெண் சம்பள இடைவெளியில் வளர்ந்த நாடுகளிலேயே கொரியாதான் மோசம், கிட்டத்தட்ட 30 விழுக்காடு. ஆக, ஆட்களை ஆயிரக்கணக்கில் எடுக்கிற தொழிற்சாலை வந்தால் பெண்கள் வருகிறார்கள். வந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு வளர்ச்சி பொறுப்பேற்பதில்லை.

இந்தியாவில் அந்த வகை வளர்ச்சி கொஞ்சமாவது நடந்த இடம் தமிழ்நாடுதான். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளில் ஒரு கூட்டம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஹாஸ்டல்களில் இருக்கிறது. இன்னொரு கூட்டம் விடிவதற்குள் கம்பெனி வேனுக்காக ரெட்டிச்சாவடி, கன்னியகோவில் என்று ரோட்டோரம் நின்று புதுச்சேரிக்கு வருகிறது, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்டுகளுக்கு. மருந்துக்கு அட்டைப்பெட்டி கட்டுவது, போர்டில் சின்னச் சின்னப் பாகம் பொருத்துவது, சோப்புக்கு லேபிள் ஒட்டுவது. பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரி முடித்தவர்கள், இப்போது பி.இ. முடித்தவர்களும்.

இவர்கள்தான் என் மேசைக்கு வருகிறவர்கள், காகிதமாக.

மாதாமாதம் கம்பெனியிலிருந்து ஆள் சேர்ந்த பட்டியலும் நின்ற பட்டியலும் மெயிலில் வரும். பிறந்த தேதியைப் பார்த்தால் சேர்ந்தவர்கள் எல்லோரும் 19, 20, 21. நின்றவர்கள் 22, 23, 24. காரணம் கேட்டு போன் போட்டால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரே பதில்தான், ‘கல்யாணம் ஆச்சு மேடம், நின்னுட்டாங்க.’ ஆண்களுக்கும் நின்ற பட்டியல் உண்டு. ஆனால் அவன் பழைய நம்பரோடு வேறு கம்பெனியில் இருப்பான், பி.எஃப். தொடரும். இவள் கணக்கு அப்படியே நிற்கும், அல்லது முழுப்பணத்தையும் எடுக்க விண்ணப்பம் வரும்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு சலுகை இருந்தது. வேலையை விட்டவர் பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்க 2 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுத் திட்டத்தில் நெடுங்காலம் இருந்த விதி. கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது. நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள், நகை வாங்க அவசரமாகப் பணம் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், பெண் என்றால் கல்யாணத்தோடு நிற்பாள் என்பது வீட்டுப் பெரியவர்கள் நினைப்பு மட்டும் இல்லை, சட்டத்தின் ஓரத்திலும் உட்கார்ந்திருந்தது.

கம்பெனிகளுக்கு இது வசதியும்கூட. ‘கல்யாணம் ஆகாத பொண்ணுங்களா பாத்து எடுங்க’ என்று ஆள் பிடிக்கிறவரிடம் சொல்வதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பொருத்துகிற ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024இல் ராய்ட்டர்ஸ் எழுதியபோது நாடே அதிர்ச்சியடைந்த மாதிரி பேசியது, இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாரும் அதிர்ச்சியடைந்ததாக எனக்குத் தெரியவில்லை. 3, 4 ஆண்டில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் சம்பளம் எப்போதும் ஆரம்பச் சம்பளத்திலேயே நிற்கும். வேலையை விடும்போது கம்பெனி தருகிற கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 5 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஐந்தை யாரும் தொட்டதில்லை. ஹாஸ்டல் சாப்பாடு கெட்டுப்போய் 2021 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அப்படி ஒரு தடவை சேர்ந்து உட்காரலாம். ஆனால் சங்கம் கட்டி நிலைக்க ஆட்கள் நிலைக்க வேண்டும்.

பிள்ளைப்பேறு விஷயத்தில் சட்டம் செய்த குளறுபடி இன்னொன்று, இது கொஞ்சம் என் தொழில் சார்ந்த புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். 2017இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள், கைதட்டினோம். சம்பளம் யார் கொடுப்பது? மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு இ.எஸ்.ஐ. கொடுத்துவிடும், முதலாளிக்குச் செலவு இல்லை. அதற்கு மேல் வாங்குகிறவளுக்கு 26 வாரமும் முதலாளி கையிலிருந்து போக வேண்டும். பல நாடுகளில் இதைச் சமூகக் காப்பீட்டு நிதி ஏற்றுக்கொள்கிறது, அப்போது முதலாளிக்கு ஆணை எடுத்தாலும் பெண்ணை எடுத்தாலும் ஒரே செலவு. இங்கே 30,000 சம்பளத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்றால் சின்னக் கம்பெனிக்காரர் மனதுக்குள் ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கிறார். அதாவது கூலி வேலையில் பெண்ணை எடுக்கத் தயங்காதவர், பதவி உயர்வு என்றதும் தயங்குகிறார். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது அதே திருத்தம். நான் கணக்கு பார்க்கிற ஓர் இடத்தில் காப்பகம் என்று பலகை மாட்டிய அறைக்குள் பழைய ஃபைல்களும் உடைந்த நாற்காலியும் இருக்கின்றன. அங்கே குழந்தை இல்லை, ஏனென்றால் குழந்தை பெற்றவர்கள் யாரும் அங்கே வேலையில் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஏன் வருவதில்லை என்பதற்கு ‘மாமியார் விடவில்லை’ என்று ஒரே வரியில் முடிப்பது சுலபம். விடாத மாமியார்களும் உண்டுதான். ஆனால் நேரத்தை எண்ணிப் பார்த்தால் மாமியாரே தேவையில்லை. 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது 299 நிமிடம், கிட்டத்தட்ட 5 மணி நேரம். ஆண்களில் அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது செய்தவர்கள் 26.1 விழுக்காடுதான், அவர்களும் 97 நிமிடம். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியதில் 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர்கள் 12 பேரை பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தக் கோரிக்கை வென்றது, ஆனால் ஆலைக் கதவுக்கு உள்ளேதான். ஷிஃப்ட் எட்டு மணி நேரம், வேனில் போக வர இரண்டரை, வீட்டில் ஐந்து. தூக்கத்தை எங்கே வைப்பது? 27 விழுக்காடு ஜிடிபி கணக்கு போட்டவர்கள் இந்த ஐந்து மணி நேரத்தை யார் தலையில் இறக்கிவைத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நைட் ஷிஃப்டுக்குப் பெண்களை எடுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் சட்டம் விட்டாலும், விடிகாலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள் நேராக அடுப்படிக்குத்தான் போகிறாள்.

எது உதவுகிறது என்று கேட்டால் என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சில்லறை விஷயங்கள்தான். நூறு நாள் வேலை வந்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டில் அதற்குப் போனவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், பல ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல். ஏன்? ஊருக்குள்ளேயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, கான்ட்ராக்டர் கிடையாது, பிள்ளை பள்ளிவிட்டு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நடக்கிற தூரத்தில், ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வேலை இருந்தால் ‘எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லை’ என்கிற கௌரவமெல்லாம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. மத்தியப் பிரதேசத்தில் ரோகிணி பாண்டே, எரிகா ஃபீல்டு முதலியோர் அதே திட்டத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: பெண்ணின் கூலியைக் குடும்பத் தலைவர் கணக்கில் போடாமல் அவள் பெயரிலேயே கணக்கு திறந்து போட்டு, அதை இயக்கவும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அதற்கப்புறம் கூடுதலாக வேலைக்குப் போனார்கள், முன்பு அந்த வேலைக்குப் போகாமலே இருந்தவர்களிடம் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம். 2023 செப்டம்பரில் தொடங்கிய ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையை இலவசம் என்று கேலி செய்கிறவர்களிடம் நான் மல்லுக்கட்டுவது இதனால்தான், ஆயிரத்தில் யாரும் வேலையை விட்டுவிட மாட்டார்கள், பெரியம்மாவின் சுருக்குப் பை கொஞ்சம் நிறைந்திருக்கிறது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் துணிக்கடைகளுக்கும் மஞ்சக்குப்பம் ஆபீஸ்களுக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் அதனால் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், சம்பளம் 7,000, 8,000 என்று இருக்கும்போது பஸ் காசு மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. புதுச்சேரிக்குப் போகிற எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது வேறு பஸ், நாங்கள் டிக்கெட் எடுத்துத்தான் போகிறோம்.

திரும்பி வருகிறவர்கள் இல்லாமலும் இல்லை. 35, 38 வயதில் ஒரு அலை வருகிறது. பிள்ளை ஹைஸ்கூல் போனதும், அல்லது குழுக் கடன் தவணை கழுத்தை நெரித்ததும், அல்லது புருஷனுக்கு உடம்பு முடியாமல் போனதும். கம்பெனியில் 20 வயதில் செய்த வேலையையே எடுத்தாலும் புது ஆளாகத்தான் எடுப்பார்கள், பழைய அனுபவத்துக்கு ஒரு ரூபாய் கூடாது. பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன். இவர்களின் காகிதத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு விஷயம்தான் என்னால் செய்ய முடிகிறது, அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

பி.எஃப். ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். கல்யாணத்தின்போது நிற்கிற பெண் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த 3, 4 ஆண்டு சர்வீஸ் அதோடு அழிந்துபோகும், 38 வயதில் சேரும்போது பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். எடுக்காமல் விடலாம். படிவம் 10சி-யில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்க ஒரு வழி இருக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொண்டால் பழைய சர்வீஸ் பின்னால் சேரும். ஓய்வூதியப் பங்கு என்று அந்த நேரத்தில் வரப்போவது பெரிய தொகை ஒன்றும் இல்லை, கல்யாணச் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கடைக்காரர் இரண்டையும் சேர்த்தே அழுத்திவிடுகிறார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த வருடம் கல்யாணத்துக்காக நிற்கப்போகிற பெண் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் யு.ஏ.என். நம்பரை, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதோடு இணைத்த போன் நம்பரை மாற்றிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், 10சி-யை அவளே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.